துரை வீட்டு நாய்

சேசு மரி சூசை துணை

பெங்களூர்
20-8-1967

அன்பு மனைவி மேரிக்கு, சகாயநாதன் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் போன வாரத்துச் சளி இறங்கிவிட்டது, நன்றாக இருக்கிறேன். உன் பல்வலி எப்படி இருக்கிறது? கிராம்பை அடக்கிக்கொண்டு பாடம் நடத்தாதே, பிள்ளைகள் சிரிக்கும்.

இந்தக் கடிதத்தை லாரி டிரைவர் எல்லப்பன் கையில் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஒரு மூங்கில் கூடையும் கொடுப்பான். கதவைச் சாத்திவிட்டுக் கூடையைத் திற. உள்ளே இருப்பது டெரியர் என்கிற சீமைச் சாதி நாய். எங்கள் பட்டறை போர்மேன் ஹாரிஸ் துரை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறுகிறார். கல்யாணம் ஆகாத மனுஷன், ஐம்பத்தெட்டு வயது, இந்த நாயைத் தவிர அவருக்கு நாதியில்லை. யாராவது நல்லவர்கள் வைத்துக்கொள்ளட்டும் என்று கண்ணில் தண்ணீர் விட்டார். எனக்கு உன் ஞாபகம் வந்தது. தனியாக இருக்கிறாய், ஒரு துணையாக இருக்கும்.

பார்க்கத்தான் சின்னது. சுறுசுறுப்பில் பத்து நாய்க்குச் சமம். பெயர் டிக்கி. துரை வளர்த்தது, தமிழ் தெரியாது. நீ உன் இங்கிலீஷைக் கொஞ்சம் தூசி தட்டிக்கொள்.

குவார்ட்டர்ஸ் லிஸ்டில் நம் பெயர் இன்னும் மேலே ஏறவில்லை. இந்த மாதம் ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் போட்டிருக்கிறார்கள், வர முடியாது. உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் சகாயம்

*

சேசு மரி சூசை துணை

சூளகிரி
3-9-1967

அன்புள்ள மாமாவுக்கு, மேரி எழுதிக்கொள்வது. பல்வலி போய்விட்டது, அந்த இடத்துக்கு உங்கள் நாய் வந்துவிட்டது. நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? அறையில் நாலு ஆண்பிள்ளைகள் சேர்ந்து என்னத்தைச் சமைக்கிறீர்களோ என்று எனக்கு இங்கே சோறு இறங்குவதில்லை.

கதவைச் சாத்திவிட்டுத்தான் கூடையைத் திறந்தேன். திறந்ததும் வீட்டை நாலு சுற்று சுற்றி, அடுப்பு மேல் ஏறி, ஜன்னல் கம்பியில் மூக்கை வைத்து வெங்கடம்மாவின் கோழிகளைப் பார்த்து ஒரு கத்து கத்தியது பாருங்கள், வீட்டுக்காரி வெங்கடம்மா விளக்குமாற்றோடு வந்துவிட்டாள். ஆட்டுக்குட்டி அளவுகூட இல்லை. உடம்பெல்லாம் வெள்ளை, ஒரு காதும் ஒரு கண்ணும் மட்டும் டிகாக்‌ஷன் சிந்தின மாதிரி. நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பார்கள். இதற்கு நிமிர்த்தக் கட்டைவிரல் நீளத்துக்கு மேல் வாலே இல்லை. நாய்க்கு வேலையுமில்லை, நிற்க நேரமுமில்லை என்ற பழமொழியை இதைப் பார்த்துத்தான் கட்டியிருக்க வேண்டும். ராகி மூட்டைக்குப் பின்னால் மூன்று நாளில் பதினொரு எலி பிடித்தது. ஒன்றையும் தின்னவில்லை. வரிசையாக வாசற்படியில் வைத்துவிட்டு, கையெழுத்துப் போடச் சொல்லி நோட்டை நீட்டும் பிள்ளை மாதிரி என் முகத்தைப் பார்க்கிறது.

இங்கிலீஷைத் தூசி தட்டினேன். 'கம்' என்றேன், வரவில்லை. 'சிட்' என்றேன், தலையைச் சாய்த்துக்கொண்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. 'டிக்கி' என்று தொண்டை வறளக் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. நாலாம் நாள் சோற்றுப் பானைக்குள் மூஞ்சியை விட்டது. ஆத்திரத்தில் "சீ, உக்காரு அங்க!" என்று கத்தினேன். சட்டென்று உட்கார்ந்தது. "எந்திரி" என்றேன், எழுந்தது. "கையக் கொடு" என்று விளையாட்டுக்குச் சொன்னேன், கையைக் கொடுத்தது. உங்கள் துரை நல்ல தமிழ் வாத்தியாராக இருப்பார் போலிருக்கிறதே!

எனக்குத் துணை வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியது சந்தோஷம். ஆனால் கல்யாணமாகி ஆறு வருஷம், நான் கேட்ட துணை வேறு. நாற்பது மைலில் இருந்துகொண்டு ஒரு நாயை அனுப்பியிருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், மனதில் பட்டதை எழுதினேன்.

உங்கள் அன்புள்ள,
மேரி

*

பெங்களூர்
25-9-1967

அன்புள்ள மேரி, சுகமாக இருக்கிறேன். உன் கடிதத்தைப் படித்து அறையில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது; கம்பெனியில் புது மிஷின் இறக்கியிருக்கிறார்கள், மூச்சுவிட நேரமில்லை.

நாய்க்குத் தமிழ் தெரிந்ததில் அதிசயமென்ன? துரையின் சமையல்காரர் வேலூர்க்காரர். சோறு போடுகிறவன் பாஷைதானே நாய்க்குப் புரியும். துரை அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, எல்லாம் விசில்தான்.

இந்தச் சாதியைப் பற்றி உனக்குத் தெரியாது, கேட்டுக்கொள். இது மடியில் வைத்துக் கொஞ்சுகிற நாய் இல்லை. பொந்துக்குள் புகுந்து நரியை வெளியே இழுப்பதற்கென்றே சீமையில் வளர்த்த சாதி. ஓடவிடாமல் கட்டிப்போட்டால் வீட்டைத் தோண்டிப் போடும். காலையிலும் மாலையிலும் ஏரிக்கரை வரை கூட்டிப் போ. தூங்கும்போது காலை உதைத்துக்கொண்டு முனகும், பயப்படாதே, கனவில் எலி பிடிக்கிறது. இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்ளும். அப்போது பழைய சட்டை ஒன்றைப் போர்த்தினால் நடுக்கம் நின்றுவிடும்.

ஆயுத பூஜைக்குக் கம்பெனி லீவு. வரப் பார்க்கிறேன். நிச்சயம் சொல்ல முடியாது.

உன் சகாயம்

*

சேசு மரி சூசை துணை

சூளகிரி
22-10-1967

அன்புள்ள மாமாவுக்கு, மேரி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நல்ல மழை, எனக்கு ஒரு குறையுமில்லை. ஆயுத பூஜைக்கு வருவீர்கள் என்று கோழி அடித்துக் குழம்பு வைத்துவிட்டு ராத்திரி பஸ் வரை பார்த்தேன். குழம்பை நாயும் வெங்கடம்மாவும் சாப்பிட்டார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லையே?

மழைக்கு இடி இடித்தது. நீங்கள் எழுதினபடியே கட்டிலுக்கு அடியில் போய் நடுங்கியது. உங்கள் பழைய நீலச் சட்டையைப் போர்த்தினேன். அதை மோந்து பார்த்து, அதற்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு குழந்தை மாதிரித் தூங்கிவிட்டது. துரை வீட்டு நாய் இடிக்கு என்ன செய்யும் என்பதுவரை உங்களுக்கு எப்படி மாமா தெரிந்தது? அத்தனை நாள் அவர் வீட்டில் ராத்தங்கினீர்களா? எனக்குச் சொல்லவே இல்லையே.

இன்னொரு அதிசயத்தைக் கேளுங்கள். வெங்கடம்மா மகள் சரோஜம்மாள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், குழந்தைக்கு இரண்டு மாதம். அந்தத் தொட்டிலைக் கண்ட நாளிலிருந்து இது என் வீட்டில் தங்குவதில்லை. எலியைப் பார்த்தால் எமன்; தொட்டிலுக்குக் கீழே மட்டும் பூனை மாதிரி படுத்துக்கிடக்கிறது. நேற்றுக் குழந்தை அழுதது. சரோஜம்மாள் கிணற்றடியில் இருந்தாள். நாய் குரைக்கவில்லை. என்னிடம் ஓடிவந்து புடவைத் தலைப்பைப் பல்லால் பிடித்து, கிழியாமல், தொட்டில் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது. போய்ச் சேர்ந்ததும் விட்டுவிட்டுப் படுத்துக்கொண்டது.

வெங்கடம்மா தெலுங்குக்காரி, நாயைக் குக்க என்றுதான் சொல்லுவாள். "டீச்சரம்மா, இது புள்ள வளத்த குக்கம்மா! யாரோ ஒரு தாயி பக்கத்துல இருந்து பழக்கியிருக்கா. இல்லாங்காட்டி வருமா இந்தப் பதனம்?" என்றாள்.

கல்யாணம் ஆகாத துரை வீட்டில் தொட்டில் ஏது? அவள் கேட்கிறாள். நீங்கள் எழுதினால் அவளுக்குச் சொல்லுவேன்.

மேரி

*

பெங்களூர்
20-11-1967

மேரிக்கு, நலம். கார்டில் எழுதுவதற்கு மன்னிக்கவும், தபாலாபீஸில் இன்லண்ட் தீர்ந்துவிட்டது. சமையல்காரரின் மகள் துரை வீட்டில்தான் பிரசவத்துக்கு வந்து தங்கியிருந்தாள். அந்தக் குழந்தையிடம் பழகியது. இதற்குப் போய் ஊரைக் கூட்டுவானேன்? வீட்டுக்காரியிடம் நம் விஷயங்களைப் பேசாதே. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் லீவு கேட்டிருக்கிறேன்.

சகாயநாதன்

*

சேசு மரி சூசை துணை

சூளகிரி
2-1-1968

அன்புள்ள மாமாவுக்கு, உங்களுக்குப் புது வருஷத்தில் எல்லா நலமும் கொடுக்க வேண்டுமென்று மாதாவிடம் வேண்டிக்கொண்டு மேரி எழுதுவது. பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? கொடுத்தனுப்பிய அதிரசம் உடையாமல் இருந்ததா?

கிறிஸ்துமஸுக்கு நீங்கள் வந்துவிட்டுப் போன நாளிலிருந்து ஒரு காரியம் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது. நேரில் கேட்க வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோது நான் வாசலில் நின்றிருந்தேன். நாய் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது. தெருமுனையில் உங்கள் செருப்புச் சத்தம் எனக்கே கேட்கவில்லை, அதற்குக் கேட்டது. என்னைத் தாண்டிப் பாய்ந்து தெருவில் உங்களைச் சுற்றிச் சுற்றி ஓடியது. இடுப்பு உயரத்துக்குக் குதித்தது. சந்தோஷம் தாங்காமல் மண்ணில் ஒன்றுக்குப் போய்விட்டது. வீட்டுக்குள் வந்து நீங்கள் செருப்பைக் கழற்றியதும், இரண்டையும் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய்க் கட்டிலுக்கு வலது பக்கம் ஜோடியாக வைத்தது. நாலு மாதம் அதற்குச் சோறு போட்டவள் நான்; என் செருப்பை ஒரு நாளும் தொட்டதில்லை.

துரையிடமிருந்து வாங்கிக் கூடையில் போட்டு லாரியில் ஏற்றிவிட்டேன், அரை மணி நேரம்கூட என்னிடம் இல்லை என்று நீங்கள் சொன்னீர்கள். நான் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. சும்மா பார்த்துக்கொண்டுதான் நின்றேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள், பிறகு அதன் வயிற்றில் உதைத்தீர்கள். சுவரில் மோதி விழுந்தது. விழுந்த இடத்திலிருந்து மறுபடியும் உங்களிடமே தவழ்ந்து வந்து உங்கள் காலை நக்கியது.

ஆறு வருஷத்தில் நீங்கள் கோபப்பட்டுப் பார்த்திருக்கிறேன், பயந்து பார்த்ததில்லை. அன்றைக்குப் பயந்தீர்கள். ஒரு சின்ன நாய் அன்பு காட்டினதற்கு ஏன் மாமா பயப்பட வேண்டும்?

நாயின் விலா வீங்கியிருக்கிறது. மஞ்சள் பற்றுப் போடுகிறேன்.

மேரி

*

பெங்களூர்
28-1-1968

மேரிக்கு, சகாயநாதன் எழுதுவது. சுகம். அதிரசம் நன்றாக இருந்தது.

பயமாவது ஒன்றாவது! இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவன்மேல் ஒரு நாய் விழுந்து புரண்டால் கால் தானாகத் தூக்கும். டீச்சர் வேலை பார்க்கிறவர்களுக்கு எதற்கெடுத்தாலும் கேள்விதான். இந்தச் சாதி எல்லோரிடமும் அப்படித்தான் குழையும், துரை சொல்லியிருக்கிறார்.

நான் யோசித்துப் பார்த்தேன். அது உனக்குச் சரிப்படாது. வெங்கடம்மாவின் கோழியை ஒரு நாள் கடிக்கத்தான் போகிறது, பிறகு அவள் வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவாள். எல்லப்பன் வாரத்துக்கு ஒரு நடை தளி வழியாக ஜவளகிரிக்கு மரம் ஏற்றப் போகிறான். அவனிடம் கொடுத்துவிடு. அங்கே காட்டோரத்தில் விட்டுவிடுவான், ஆட்டுக்காரர்கள் யாராவது எடுத்து வளர்ப்பார்கள். அவனிடம் நானே பேசிவிட்டேன், வியாழக்கிழமை வருவான்.

மற்றபடி குவார்ட்டர்ஸ் விஷயம் அப்படியேதான் இருக்கிறது.

சகாயநாதன்

*

சேசு மரி சூசை துணை

சூளகிரி
11-2-1968

அன்புள்ள மாமாவுக்கு, மேரி எழுதுவது. தேக சுகத்துக்குக் குறைவில்லை. உங்கள் சுகத்துக்கும் ஞாயிறு பூசையில் மன்றாடுகிறேன்.

எல்லப்பன் வந்தான். நாயை நான் கொடுக்கவில்லை. சிறுத்தை நடமாடுகிற காட்டில் அதை விடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. அவனே அதைத் தடவிக்கொடுத்துவிட்டு, "பாவம்மா, எனக்கும் இஷ்டமில்ல. அவரு சொன்னாருன்னு வந்தேன்" என்று போய்விட்டான்.

இப்போது முக்கியமான விஷயம். குவார்ட்டர்ஸ் வேண்டாம் மாமா! எங்கள் பள்ளியை நடத்துகிற மடத்துச் சிஸ்டர்களுக்குப் பெங்களூரில் ஆஸ்டின் டவுனிலும் ஒரு தமிழ்ப் பள்ளி இருக்கிறதாம். ஜூன் மாதம் அங்கே முதல் வகுப்பு டீச்சர் ரிட்டயர் ஆகிறார். பெரிய சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "உன் புருஷன் அங்கதானே இருக்கார், நீ போறியா?" என்று கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மார்ச் முடிவதற்குள் சரி என்று எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

எட்டுக்கு எட்டு அறை ஒன்று பாருங்கள், போதும். குழாயடியில் வரிசையில் நிற்கிறேன். எனக்கு இருபத்தெட்டு வயதாகிறது. உங்களுக்கு நான் சமைத்துப் போட்ட சாப்பாட்டை விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்த ஒன்றைத்தான் கேட்கிறேன், இதற்கு மேல் ஒன்றும் கேட்க மாட்டேன். உடனே பதில் எழுதுங்கள்.

உங்கள் மேரி

*

பெங்களூர்
23-3-1968

மேரிக்கு, நலம். அவசரப்படாதே. ஆஸ்டின் டவுன் நல்ல இடமில்லை, கொசு, சாக்கடை, காலரா வேறு. அடுத்த வருஷம் பார்க்கலாம். சிஸ்டரிடம் முடியாது என்று சொல்லிவிடு. உடம்பைப் பார்த்துக்கொள். நாயை என்ன செய்தாய்?

சகாயநாதன்

*

சூளகிரி
குருத்தோலை ஞாயிறு, 7-4-1968

சகாயநாதன் அவர்களுக்கு மேரி எழுதுவது. நான் சுகமாக இல்லை. நீங்கள் சுகமாக இருப்பதை நேற்று என் கண்ணால் பார்த்தேன், அதனால் விசாரிக்கவில்லை.

நேற்றுச் சனிக்கிழமை காலை பஸ்ஸில் பெங்களூர் வந்தேன். மார்ச் கடைசியில் சிஸ்டரிடம் பத்து நாள் தவணை கேட்டிருந்தேன். பள்ளிக்கூடத்தை நானே பார்த்துவிடுகிறேன், கொசுவையும் சாக்கடையையும் பார்த்துவிட்டு உங்கள் அறைக்கு வந்து பேசி முடிவு செய்யலாம் என்று நினைத்தேன். வெங்கடம்மா ஊரில் இல்லை. நாயைத் தனியே பூட்டினால் கதவைப் பிறாண்டித் தள்ளிவிடும் என்று அதே மூங்கில் கூடையில் போட்டு எடுத்துக்கொண்டேன். கண்டக்டர் அதற்கு அரை டிக்கெட் கேட்டு வம்பு செய்தார்.

ஓசூர் தாண்டுகிற வரைக்கும் சத்தமில்லை. ஜான்சன் மார்க்கெட் வந்ததும் கூடைக்குள் ஆடத் தொடங்கியது. பள்ளிக்கும் அங்கேதான் இறங்க வேண்டும், இறங்கினேன். கயிற்றைக் கட்டிக் கீழே விட்டேன். அவ்வளவுதான், என்னை இழுத்துக்கொண்டு ஓடியது. நான் வழி கேட்க வேண்டியதே இருக்கவில்லை. இரண்டு தெரு, ஒரு குழாயடி, ஒரு கசாப்புக் கடை, அந்தக் கடைக்காரர், "அடே, வந்துட்டியா!" என்று அதைப் பார்த்துச் சிரித்தார். பச்சைக் கதவு போட்ட ஒரு வீட்டின் முன்னால் போய் நின்று, கதவை இரண்டு காலாலும் தட்டியது. ஒரு தடவை, பிறகு இன்னொரு தடவை. பழகின வீட்டில் தட்டுகிற மாதிரி.

கதவைத் திறந்தவளுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். இடுப்பில் குழந்தை. நாயைப் பார்த்ததும், "ஐயோ ஜிம்மி!" என்று உட்கார்ந்து கட்டிக்கொண்டு அழுதுவிட்டாள். டிக்கி என்று கூப்பிட்டால் அது ஏன் திரும்பவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்த கூடையைப் பார்த்தாள்.

"நீங்க சூளகிரி அண்ணிதானே? டீச்சர் அண்ணி! அவரு சொல்லிக்கினே இருப்பாரு, எங்க அக்கா ஒருத்தங்க இருக்காங்க, என்னை வளத்தவங்கன்னு. புள்ளைக்கு மூச்சு இழுக்குது, நாய் முடி ஆவாதுன்னு டாக்டர் சொன்னாரு. அதான் அக்கா வூட்ல விட்டு வெக்கறேன்னு கூடையில போட்டு எடுத்துக்கினு போனாரு. இப்ப புள்ளைக்குத் தேவல. வாங்க, உள்ள வாங்க அண்ணி."

உங்களைவிட நான் நாலு வயது இளையவள். என்னை உங்கள் அக்காவாக்கி, உங்களை வளர்த்தவளாகவும் ஆக்கிவிட்டீர்கள்.

நான் ஆமாம் என்றேன்.

ஏன் ஆமாம் என்றேன் என்று திரும்பி வருகிற நாற்பது மைலும் யோசித்தேன். அவள் கையில் குழந்தை இருந்தது. வெயிலில் வந்திருக்கிறேன் என்று அவள் என் கையைப் பிடித்து உட்காரவைத்து விசிறினாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் வேறு எதையும் சொல்ல முடியவில்லை. கோலார் தங்கவயல் பெண்ணாம், தாய் தகப்பன் இல்லையாம், பெயர் சாந்தம்மாவாம். கோயிலில் வைத்துத் தாலி கட்டினீர்களாம். சுவரில் போட்டோ இருந்தது. நீங்கள் நாற்காலியில், அவள் பக்கத்தில், உங்கள் காலடியில் நாய். நீங்கள் போட்டிருந்தது என் அண்ணன் நம் கல்யாணத்துக்குத் தைத்துக் கொடுத்த கோட்டு. ஹாரிஸ் துரை என்று ஒருவர் இருந்ததும் நிஜம்தானாம். இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே கப்பல் ஏறிவிட்டாராம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தீர்கள். மறைத்ததை நீங்களே கூடையில் போட்டு என் வீட்டுக்கு அனுப்பினீர்கள்.

காப்பி கொடுத்தாள். குடித்தேன். குழந்தையை என் மடியில் வைத்தாள். பத்து மாதம், உங்கள் காதும் மோவாயும் அப்படியே. பெயர் கேட்டேன். பாக்கியராஜ் என்றாள். வேளாங்கண்ணியில் மொட்டை போட்டுக்கொண்ட அன்றைக்கு நமக்கு ஒரு பையன் பிறந்தால் வைப்பதாக நேர்ந்துகொண்ட பெயர். அதையும் எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை.

எழுந்து நாயைக் கூப்பிட்டேன். தொட்டிலுக்குக் கீழே படுத்திருந்தது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. "வாடா" என்றேன். எழுந்து இரண்டடி வந்தது, நின்றது, திரும்பிப்போய்ப் படுத்துக்கொண்டது. அதன்மேல் எனக்கு வருத்தமில்லை. எட்டு மாதம் என்னோடு இருந்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போயிருக்கிறது.

அதை விட்டுவிட்டு வந்தேன். கூடை மட்டும் என்னிடம் இருக்கிறது.

மேரி

*

பெங்களூர்
29-4-1968

அன்புள்ள மேரிக்கு, பாவி சகாயநாதன் எழுதுவது. மூன்று வாரமாக நாலு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவும் எனக்கு யோக்கியதை இல்லை.

அன்றைக்கு நீ அவளிடம் ஒன்றும் சொல்லாமல் போனாயே, அந்தப் பெருந்தன்மையை உயிருள்ளவரை மறக்க மாட்டேன். வேறு எவளாக இருந்தாலும் தெருவைக் கூட்டியிருப்பாள். நான் வேண்டுமென்று செய்யவில்லை மேரி. நீ அங்கே, நான் இங்கே, நமக்கோ குழந்தையில்லை. காய்ச்சலில் கிடந்தபோது அவள் கஞ்சி வைத்துக் கொடுத்தாள், அப்படியே ஆகிவிட்டது. உன்னை நான் கைவிட மாட்டேன். மாதம் ஒரு தடவை கட்டாயம் வருகிறேன், சத்தியம்.

பங்குச் சாமியாருக்கோ உன் அண்ணன் ராயப்பனுக்கோ தெரிந்தால் என் கதி அதோகதி. கம்பெனி வரைக்கும் வந்துவிடுவான் அவன். உன் கையில்தான் என் மானம் இருக்கிறது.

இன்னொன்று, எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. ஜூன் ஒன்பதாம் தேதி குழந்தைக்கு ஒரு வயது. அண்ணி வந்தே ஆகவேண்டும் என்று அவள் நச்சரிக்கிறாள். நீ வராவிட்டால் ஏதோ மனஸ்தாபம் என்று துருவத் தொடங்குவாள். ஒரே ஒரு நாள், வந்து தலையைக் காட்டிவிட்டுப் போ. ஒரு சொக்காய் வாங்கிக் கொடுத்தால் போதும்.

உன் மன்னிப்புக்குக் காத்திருக்கும்,
சகாயம்

*

சேசு மரி சூசை துணை

சூளகிரி
12-5-1968

சகாயநாதன் அவர்களுக்கு, உங்கள் கடிதம் கிடைத்தது. தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் இருக்கவில்லை. முதல் இரண்டு வாரம் உங்கள் நீலச் சட்டையை எரிக்க எடுப்பதும் வைப்பதுமாகப் போயிற்று. கடைசியில் வெங்கடம்மாவின் கரித்துணிக்குக் கொடுத்தேன். அழவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். உங்களை நினைத்து அழுததைவிட, அந்தப் பாக்கியராஜ் என்கிற பெயரை நினைத்து அழுததுதான் அதிகம்.

என் பெருந்தன்மையைப் புகழ்ந்திருக்கிறீர்கள். அது பெருந்தன்மையில்லை. அன்றைக்கு வாயடைத்துப் போயிருந்தேன், அவ்வளவுதான். அதை மூலதனமாக வைத்து என்னை ஆயுசு முழுக்க அக்கா வேஷம் கட்டச் சொல்கிறீர்கள். சொக்காயும் வாங்கிவரச் சொல்கிறீர்கள். இந்தக் கடிதத்தை எழுத உங்களுக்குக் கை எப்படி வந்தது?

பயப்படாதீர்கள். அண்ணனிடம் சொல்லவில்லை, சாமியாரிடமும் போகவில்லை. அவர்கள் வந்து உங்களை இழுத்துக்கொண்டு வந்து என் வாசலில் போடுவார்கள். எனக்கு நீங்கள் வேண்டாம்.

ஆனால் ஆஸ்டின் டவுன் பள்ளிக்குச் சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஜூன் மூன்றாம் தேதி சேர வேண்டும். மடத்து போர்டிங்கிலேயே எனக்கு ஓர் அறை கொடுக்கிறார்கள். அறை பார்த்து வைக்கச் சொல்லி இனி உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன், குவார்ட்டர்ஸ் லிஸ்டிலும் உங்கள் குடும்பத்தை எழுதிக்கொள்ளுங்கள். பிறந்தநாளுக்கு நான் வரவில்லை.

சாந்தம்மா அன்றைக்குக் காப்பி ஆற்றிக்கொண்டே ஒன்று சொன்னாள். "மூணு வயசுல பேபி கிளாஸ்ல போட்டுடலாம் அண்ணி, பக்கத்துலயே மடத்துப் பள்ளிக்கூடம் இருக்குதே" என்றாள். நல்ல யோசனை. அங்கே பிள்ளைகளைச் சேர்க்கிற வேலை முதல் வகுப்பு டீச்சருடையது என்று சிஸ்டர் சொன்னார். பெரிய பதிவேடு ஒன்று இருக்கிறது. பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, தகப்பனார் பெயர், தகப்பனார் வேலை, எல்லாவற்றையும் டீச்சர்தான் தன் கையால் எழுத வேண்டும். எழுதிக் கீழே முழுப் பெயரையும் கையெழுத்தாகப் போட வேண்டும். தாயாரும் வாசித்துப் பார்த்து, அதற்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. அதற்குள் நீங்களே அவளிடம் சொல்லிவிடுவது நல்லது. கேட்டுத் தெரிந்துகொண்டேன், அவளுக்குத் தமிழ் நன்றாகப் படிக்கத் தெரியும்.

இப்படிக்கு,
திருமதி மதலைமேரி சகாயநாதன்